தரம் 8க்கு மின் கோவை தொடங்கச் சொல்கிறார்கள், எங்கிருந்து தொடங்குவது?

கொட்டாஞ்சேனை டீச்சர்

வணக்கம். கொழும்பு 13இல் ஒரு பாடசாலையில் தரம் 8க்குத் தமிழ் படிப்பிக்கிறேன். வகுப்பில் 38 பிள்ளைகள். போன வாரம் ஆசிரியர் கூட்டத்தில் அதிபர், அடுத்த தவணையிலிருந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் மின் கோவை, அதாவது தன் வேலைகளைக் கணினியில் சேர்த்து வைக்கிற ஈ-போர்ட்ஃபோலியோ, இருக்க வேண்டும் என்றார். எந்தப் பாடத்தில் தொடங்கலாம் என்று கேட்டபோது யாரும் வாய் திறக்கவில்லை. நான் கையைத் தூக்கினேன்.

எனக்கு இதில் உண்மையாகவே விருப்பம். ஆறு வருடமாகக் கட்டுரை திருத்துகிறேன். வருட முடிவில் அந்தக் கொப்பிகள் பழைய பேப்பர்காரரிடம் போகின்றன. முதல் தவணையில் ஒரு பந்தி எழுதத் தடுமாறிய பிள்ளை மூன்றாம் தவணையில் இரண்டு பக்கம் எழுதுகிறது. அந்த மாற்றத்தைப் பார்த்தது நான் மட்டும்தான், பிள்ளைக்கே அது தெரியாது. 2020இல் பாடசாலை மூடியிருந்தபோது எல்லோரும் கொப்பியைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். போன் நிரம்பி நின்றுவிட்டது. ஒரு நாள் இரவு உட்கார்ந்து எல்லாவற்றையும் அழித்தேன். இப்போது நினைத்தால், ஒரு வகுப்பின் முழு வருட எழுத்து என் கையில் இருந்திருக்கிறது.

இப்போது ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். ஐசிடி சேர், இணையப் பக்கம் செய்கிற கூகுள் சைட்ஸ் என்கிறார். இன்னொருவர் பேஸ்புக்கில் ஒரு பக்கம் திறந்து எல்லோருடைய வேலையையும் போடலாம் என்கிறார். அதிபருக்குப் பரிசளிப்பு விழாவில் திரையில் காட்ட வேண்டும். பகுதித் தலைவர் மிஸ், இதற்குப் புள்ளி போட்டுப் பாடசாலை மட்டக் கணிப்பீட்டில் சேர்க்கலாம் என்கிறார். பிள்ளைக்கு இதில் என்ன கிடைக்கும் என்று இதுவரை யாரும் பேசவில்லை.

நிலைமை இதுதான்: 14 பேருடைய வீட்டில் ஒரே ஒரு ஸ்மார்ட் போன், அதையும் அப்பா வேலைக்குக் கொண்டு போய்விடுவார். பாடசாலையில் இயங்குகிற கணினி 11. வாரத்தில் ஒரு பாடவேளைதான் அந்த அறை எனக்குக் கிடைக்கும்.

இதை முன்பு செய்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். எந்த மென்பொருள் நல்லது?

---

வெள்ளவத்தை வாத்தியார்

தங்கச்சி, நான் 31 வருடம் படிப்பித்தவன். கடைசிப் பன்னிரண்டு வருடமும் ஆசிரிய மாணவர்களைப் பயிற்றுவித்தேன். மென்பொருளைக் கடைசியில் பார்ப்போம், முதலில் ஒரு பிஸ்கட் டின் கதையைச் சொல்கிறேன்.

2003இல் என் ஆசிரிய மாணவர்கள் 22 பேரைக் கொண்டு முதல் தடவையாக இதைச் செய்தேன். அப்போது இணையம் எங்களுக்கு எட்டவில்லை. எல்லாம் சீடியில்தான். பாடக்குறிப்பு, கற்பித்தல் சாதனங்களின் படம், வகுப்பில் நடந்ததைப் பற்றிய குறிப்பு என்று எல்லாவற்றையும் பவர்பொயின்டில் போட்டு, பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டி, சீடியில் எழுதித் தந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரதி நான் வைத்துக்கொண்டேன். வீட்டில் மேல் தட்டில் ஒரு பிஸ்கட் டின்னில் அவை கிடந்தன.

2019இல் அவர்களில் ஒருவர் வீட்டுக்கு வந்தார். இப்போது ஒரு பாடசாலையில் பிரதி அதிபர். பதவி உயர்வு நேர்முகத்துக்குப் பழைய வேலைகளைச் சேர்க்கிறேன் சேர், என் சீடி இருக்கிறதா என்று கேட்டார். சீடி இருந்தது. அதைப் போட என் லாப்டொப்பில் இடம் இல்லை. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குப் போய், வெளியில் பொருத்துகிற டிரைவ் ஒன்று வாங்கி வந்தேன். திறந்தால் ஒரு தமிழ் எழுத்தும் இல்லை. பாமினி எழுத்துரு அந்த லாப்டொப்பில் கிடையாது. 'தமிழ்' என்ற சொல் இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. பக்கம் பக்கமாக அப்படித்தான். எழுத்துருவைத் தேடிப் போட்ட பிறகுதான் வாசிக்க முடிந்தது. அப்புறம் ஆசையில் மற்ற சீடிகளையும் போட்டுப் பார்த்தேன். 22இல் 9 திறக்கவே இல்லை.

அவருடைய சீடியில் ஓர் ஒலிக் கோப்பும் இருந்தது. ஒரு நிமிடம் நாற்பது விநாடி. முதல் கற்பித்தல் பயிற்சி முடிந்த அன்று மாலை, விடுதியில் யாரிடமோ கடன் வாங்கிய மைக்கில் பேசியிருக்கிறார். பின்னால் மழைச் சத்தம். "இண்டைக்கு நான் கேட்ட கேள்விக்கெல்லாம் முன் வரிசைதான் பதில் சொன்னது. பின்னுக்கு இருந்த பிள்ளைகளின்ர பேர் ஒண்டும் எனக்குத் தெரியாது. நாளைக்கு முதல் வேலை பேர் கேக்கிறது." அவ்வளவுதான். இரண்டு தடவை கேட்டார். நேர்முகத்துக்கு வேண்டிய சான்றிதழ்களைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு, வாசல் வரை போய்த் திரும்பி வந்து, அந்தக் குரலையும் போட்டுத் தாங்கோ சேர் என்றார். ஐம்பது சிலைடு இருந்தது, அதில் ஒன்றைக்கூட கேட்கவில்லை.

அன்றிலிருந்து இந்தக் கேள்வி வந்தால் நான் முதலில் கேட்பது இதுதான்: பத்து வருடம் கழித்துப் பிள்ளை தானே தேடி வரக்கூடிய ஒன்று அந்தக் கோவையில் இருக்குமா?

சரி, உங்கள் அதிபருக்கும் பகுதித் தலைவருக்கும் இடையில் நீங்கள் மாட்டிக்கொண்டது புதிய சிக்கல் இல்லை. இந்தத் துறை தொடங்கிய நாளிலிருந்தே இருக்கிறது. ஓவியரும் கட்டடக் கலைஞரும் தங்கள் நல்ல வேலைகளை ஒரு கோவையில் போட்டு எடுத்துப் போவது பழைய வழக்கம். பாடசாலை அதை எடுத்துக்கொண்டபோது நோக்கம் இரண்டாகப் பிரிந்தது. அலாஸ்கா பல்கலைக்கழகத்தின் ஆங்கரேஜ் வளாகத்தில் ஆசிரியர்களைப் பயிற்றுவித்த ஹெலன் பாரெட் என்பவர் 1990களின் தொடக்கத்திலிருந்தே மின் கோவையில் வேலை செய்தவர். தன் சொந்தக் கோவையையே பல மென்பொருள்களில் திரும்பத் திரும்பச் செய்து ஒப்பிட்டுப் பார்த்தவர். மின் கோவைக்கு இரண்டு முகங்கள் உண்டு என்று அவர் சொல்வார். ஒன்று பிள்ளை வேலை செய்கிற மேசை. மற்றது ஊருக்குக் காட்டுகிற கண்ணாடி அலுமாரி. இந்த உவமை என்னுடையது, கருத்து அவருடையது. மேசையில் அரைகுறை இருக்கலாம், அடித்தல் திருத்தல் இருக்கலாம். அலுமாரியில் அதற்கு இடமில்லை. இரண்டையும் ஒன்றாக்கினால் பிள்ளை அரைகுறையை ஒளிக்கப் பழகிவிடும்.

2000களில் அமெரிக்க ஆசிரியர் கல்லூரிகள் பல, தங்கள் தரச்சான்றுக்கு ஆதாரம் சேர்க்கவே மின் கோவை மென்பொருளை வாங்கின. மாணவர் கோப்பை ஏற்றுவார், விரிவுரையாளர் பெட்டியில் புள்ளி இடுவார், கல்லூரிக்கு அட்டவணை கிடைக்கும். கதை மாணவருடையது என்பதே அதில் மறைந்துபோனது. பாரெட் இதைத்தான் எதிர்த்து எழுதினார். கற்றலை அளக்கிற கணிப்பீடு வேறு, கற்றலுக்கு உதவுகிற கணிப்பீடு வேறு என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

எனக்குப் பிடித்த மறுபக்கம் நியூசிலாந்தில் 2006இல் தொடங்கியது. அங்கே சில உயர்கல்வி நிறுவனங்கள் சேர்ந்து மஹாரா என்ற திறந்த மூல மென்பொருளை, அதாவது யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தக்கூடிய ஒன்றை, உருவாக்கின. மாவோரி மொழியில் அந்தச் சொல்லுக்குச் 'சிந்தனை' என்று பொருள். அதில் பக்கம் மாணவருடையது. யார் பார்க்கலாம், எது வரை பார்க்கலாம் என்று அவரே தீர்மானிப்பார். முழுக் கோவையையும் இறக்கி எடுத்துக்கொண்டு போகலாம். 2016இல் அமெரிக்கக் கல்லூரிகள், பல்கலைக்கழகங்களின் சங்கம், மாணவருக்கு ஆழமான பயன் தருகிற பத்து நடைமுறைகளின் பட்டியலில் மின் கோவையைப் பதினோராவதாகச் சேர்த்தது. அந்த இடம் நன்றாகச் செய்த கோவைக்குத்தான். கோப்பை ஏற்றிவிட்டு மறந்துபோவதற்கு யாரும் அந்தப் பெயரைக் கொடுக்கவில்லை.

புள்ளி விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். 2009இல், ஆசிரிய மாணவர்கள் தங்கள் கற்பித்தலைப் பற்றித் தாங்களே எழுதுகிற சுயகுறிப்புக்கு 20 புள்ளி என்று வைத்தேன். நாற்பது பேர் எழுதினார்கள். நாற்பதிலும் ஒரே வசனம்: "இப்பாடத்தின் மூலம் எனது கற்பித்தல் திறன் விருத்தியடைந்தது." தோற்றுப்போன பாடம் ஒன்றுகூட இல்லை. நாற்பது இளம் ஆசிரியர்கள் ஒரு தவணை முழுக்கத் தோற்காமல் படிப்பித்தார்கள் என்பதை நான் எப்படி நம்புவது? அடுத்த வருடம் புள்ளியை எடுத்தேன். குறிப்பு எழுதியிருந்தால் சரி, இல்லாவிட்டால் எழுதிக்கொண்டு வா, அவ்வளவுதான். அழுதுகொண்டு எழுதிய பக்கங்களும் அப்போதுதான் வந்தன. உங்கள் மிஸ்ஸிடம் இதைச் சொல்லுங்கள்: கட்டுரைக்குப் புள்ளி போடட்டும், பிள்ளை தன்னைப் பற்றி எழுதுகிற குறிப்பைத் தொட வேண்டாம்.

இப்போது மென்பொருள். நான் பார்க்கப் பார்க்க, இலவசமாக இணையப் பக்கம் தந்த ஜியோசிட்டீஸ் 2009இல் மூடப்பட்டது. இணையத்தில் அசைபடம் காட்டிய ஃபிளாஷ் மென்பொருள் 2020 முடிவோடு நின்றது. பழைய கூகுள் சைட்ஸ் பக்கங்களை 2021இல் புதியதற்கு மாற்றச் சொன்னார்கள், மாற்றாதவர்களின் பக்கங்கள் பிறகு இணையத்தில் திறக்காமல் போயின. ஆகவே எதில் செய்தாலும், பிள்ளை கையில் எடுத்துப் போகக்கூடிய ஒரு பிரதி வேண்டும். படம், பிடிஎஃப், சாதாரண ஒலிக் கோப்பு, இந்த மூன்று வடிவம் போதும். தட்டுவதாக இருந்தால், தனி எழுத்துரு தேடாமலே தமிழாகத் தெரிகிற யூனிகோடில் மட்டும் தட்டச் சொல்லுங்கள். பாமினி பக்கம் போகவே வேண்டாம்.

நானாக இருந்தால் இப்படிச் செய்வேன். எழுத்து கொப்பியில்தான். 2022 பங்குனியை நினைத்துப் பாருங்கள், பேப்பர் இல்லை என்று மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையைத் தள்ளி வைத்தார்கள், அதே மாதம் கரண்டும் மணிக்கணக்கில் இல்லை. ஒன்றை மட்டும் நம்பினால் ஒரு நாள் கை விரிக்க வேண்டி வரும். தவணைக்கு இரண்டு வேலை, பிள்ளையே தெரிவு செய்யட்டும். நல்லதை எடு என்று சொல்ல வேண்டாம், "வைத்திருக்க விரும்புவதை எடு" என்று சொல்லுங்கள். ஒவ்வொன்றோடும் நாலு வரி: ஏன் இதை எடுத்தேன், எங்கே சிக்கினேன், திரும்ப எழுதினால் எதை மாற்றுவேன். தவணைக்கு ஒரு நிமிடக் குரல். படம் எடுப்பது பாடசாலைப் போன் ஒன்றில், வகுப்பிலேயே. வீட்டுப் போன் தேவையில்லை, ரீலோட் போடவும் தேவையில்லை.

இடம் எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் பார்த்தேன். ஒரு படம் 300 கேபி, வருடத்துக்கு ஆறு வேலை, மூன்று குரல் ஒவ்வொன்றும் 1 எம்பி என்று வையுங்கள். ஒரு பிள்ளைக்கு 5 எம்பிகூட வராது. 38 பேருக்கும் 200 எம்பிக்குள். ஒரு சின்னப் பென் டிரைவில் பத்து வகுப்பு அடங்கும். அதை இரண்டு பிரதி எடுத்து ஒன்றை அதிபரின் அலுமாரியில் வையுங்கள். கூகுள் டிரைவில் வைப்பதானால் பாடசாலைக் கணக்கில் வையுங்கள், உங்கள் சொந்தக் கணக்கில் வேண்டாம். நீங்கள் மாற்றலாகிப் போனால் கோவையும் உங்களோடு போய்விடும்.

---

இரவு டியூட்டி

நான் டாக்டர், நிபுணத்துவப் பயிற்சியில் இருக்கிறேன். கொழும்பில் பட்டப்பின்படிப்பு மருத்துவ நிறுவகத்தின் பயிற்சியில் எங்களுக்கும் போர்ட்ஃபோலியோ உண்டு. அதை வைத்தே கேள்வி கேட்பார்கள். வாத்தியார் சேர் சொன்ன வித்தியாசம் எங்களிடம் இரண்டு புத்தகமாகவே இருக்கிறது. லொக் புக்கில் எத்தனை செய்தேன் என்ற எண்ணிக்கை. போர்ட்ஃபோலியோவில் ஏன் அப்படி முடிவெடுத்தேன், பிறகு என்ன படித்தேன் என்ற யோசனை. முதல் வருடம் எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தது. என் பயிற்றுநர் ஒரு பக்கத்தைக் காட்டி, இதில் நீ எங்கே இருக்கிறாய் என்று கேட்ட பிறகுதான் விளங்கியது.

சொல்ல வந்தது வேறு. நாங்கள் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினால் பெயர், கட்டில் இலக்கம், ஆளை அடையாளம் காட்டுகிற எதையும் எழுத மாட்டோம். பிள்ளை விஷயத்தில் அதே கவனம் வேண்டும். கட்டுரையில் பிள்ளைகள் வீட்டுச் சண்டை, கடன், அப்பாவின் குடி எல்லாவற்றையும் எழுதுவார்கள். அதைப் பேஸ்புக்கில் போடுவதா? தயவு செய்து அந்த யோசனையை முதல் நாளே நிறுத்துங்கள் மிஸ். தனிப்பட்ட தரவைப் பாதுகாக்க 2022இன் 9ஆம் இலக்கச் சட்டமும் நாட்டில் இருக்கிறது. பெற்றோரிடம் ஒரு கடிதத்தில் சம்மதம் வாங்குங்கள், தமிழிலேயே, யார் பார்ப்பார்கள் என்று தெளிவாக எழுதி.

---

கொட்டாஞ்சேனை டீச்சர்

மூன்று வாரம் கழித்து வருகிறேன். இருவருக்கும் நன்றி. சேர் சொன்னபடியே தொடங்கிவிட்டேன். பேஸ்புக் இல்லை என்று முடிவாகிவிட்டது. பெற்றோர் கடிதம் 38இல் 35 திரும்பி வந்தது. மற்ற மூவருடையதும் கொப்பியிலேயே இருக்கும், படம் எடுக்கவில்லை.

வியாழக்கிழமை தெரிவு செய்யச் சொன்னேன். பெரும்பாலும் கூடிய புள்ளி வாங்கியதைத்தான் எடுத்தார்கள். மூன்றாம் வரிசையில் ஒரு பிள்ளை, வகுப்பில் அதிகம் பேசாதவள், ஒரு கட்டுரையைக் கொண்டு வந்தாள். 'எங்கள் வீட்டுக் காலைப்பொழுது'. 25க்கு நான் போட்டிருந்தது 11. பக்கம் முழுக்க என் சிவப்புக் கோடு. நல்லது வேறு இருக்கிறதே அம்மா, ஏன் இது என்று கேட்டேன். பதில் சொல்லாமல் நாலு வரியை எழுதித் தந்தாள். அப்படியே தருகிறேன், அவளிடம் கேட்டுத்தான் போடுகிறேன்:

"இதில் அம்மம்மா பேசுகிற மாதிரியே எழுதினேன். மிஸ் பேச்சுவழக்கு என்று வெட்டியிருக்கிறீர்கள். வெட்டினாலும் வாசிக்கலாம். அம்மம்மா போன மாதம் இறந்துவிட்டா. திரும்ப எழுதினால் எதையும் மாற்ற மாட்டேன்."

திரும்ப வாசித்துப் பார்த்தேன். "கேத்தில் தண்ணி கொதிக்குது, எழும்பு ராசாத்தி, பள்ளிக்கூட வான் நிக்காது" என்பதை நான் வெட்டி, "நீர் கொதிக்கிறது, எழுந்திரு" என்று மேலே எழுதியிருக்கிறேன். மேற்கோள் குறிக்குள் வருகிற பேச்சை ஏன் வெட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. அது பேசுகிற ஆளின் வசனம், வெட்டியிருக்கவே கூடாது. வருடம் முழுக்கத் திருத்திய கொப்பிகளில் இப்படி இன்னும் எத்தனை இருக்கும்?

இரண்டு கேள்வி. அந்தப் புள்ளியை மாற்றிவிட்டுப் படம் எடுக்கட்டுமா? அடுத்தது, அதிபர் இன்னும் பரிசளிப்பு விழாவை விடவில்லை. திரையில் என்ன காட்டுவது?

---

வெள்ளவத்தை வாத்தியார்

தங்கச்சி, புள்ளியை அழிக்க வேண்டாம், சிவப்புக் கோட்டையும் அழிக்க வேண்டாம். அவள் தெரிவு செய்தது கோடு போட்ட அந்தப் பக்கத்தைத்தான். அப்படியே படம் எடுங்கள். பிறகு தனித் தாளில், நான் வெட்டியது பிழை, ஏன் பிழை என்று நீங்கள் நாலு வரி எழுதி உங்கள் கையெழுத்தோடு அதற்கு அடுத்த படமாகப் போடுங்கள். கணிப்பீட்டுப் பதிவில் புள்ளியைத் திருத்துவது வேறு வேலை, அதைத் தனியாகச் செய்யுங்கள். ஆசிரியர் பதில் எழுதிய கோவையை என் 31 வருடத்தில் இரண்டு மூன்றுதான் கண்டிருக்கிறேன்.

விழாவுக்குக் கோவையைத் திறக்கவே வேண்டாம். விழாவுக்கென்று தனியாக ஒன்று செய்யுங்கள். காட்ட விருப்பமுள்ள பிள்ளை தானே ஒரு பக்கத்தைத் தெரிவு செய்து, அதை மேடையில் வாசிக்கட்டும். பத்துப் பேர் முன்வந்தாலே அதிபருக்குப் போதும். விருப்பமில்லாதவரைக் கேட்க வேண்டாம், ஏன் என்றும் கேட்க வேண்டாம்.

அந்தப் பிள்ளையின் குரலைப் பதிவு செய்துவிட்டீர்களா?

---

கொட்டாஞ்சேனை டீச்சர்

இன்னும் இல்லை சேர். திங்கட்கிழமை மூன்றாவது பாடவேளை நூலக அறை காலியாக இருக்கும், மின்விசிறியை நிறுத்தினால் சத்தம் வராது. அம்மம்மாவின் வசனங்களை அவள் குரலில் வாசிக்கச் சொல்லப் போகிறேன், வெட்டியதையும் சேர்த்து.